விதையின் வழி கண்டவர்: கோர்டன் சைல்டு

நாள்தோறும் விடுதியில் உண்ண அமர்கிறோம். இன்று சோறா, சப்பாத்தியா என்பதே நமக்குப் பெரிய கேள்வி. அந்தக் கோதுமை முதன்முதல் எங்கே பயிராயிற்று, அதை யார் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் சென்றனர் என்று நாம் கேட்பதில்லை. மன்னர்களின் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறோம். முதல் விதையை மண்ணில் ஊன்றிய கைக்கு நம் பாட நூல்களில் பெயர் இல்லை. அந்தக் கைக்குக் கல்வெட்டும் இல்லை, காவியமும் இல்லை. அது விட்டுச் சென்றவை உடைந்த பானை ஓடுகளும், தேய்ந்த அரிவாள் கற்களும், கருகிய சில தானிய மணிகளுமே.

அந்த ஓடுகளையும் மணிகளையும் கொண்டே பெயரற்ற உழவர்களின் வரலாற்றை எழுதத் துணிந்தார் ஓர் அறிஞர். அவர்தாம் வியர் கோர்டன் சைல்டு. வரலாறு பயிலும் மாணவர் அனைவரும் புதிய கற்காலப் புரட்சி என்னும் தொடரைக் கேட்டிருப்பர். அத்தொடரை உலகம் முழுதும் வழங்கச் செய்தவர் அவரே. தொடரை அறிந்த அளவுக்கு அவருடைய வாழ்க்கையை நம்மில் பலர் அறியார். அறிய வேண்டிய வாழ்க்கை அது. அறிவு எதற்குப் பணி செய்ய வேண்டும், எதற்குப் பணி செய்யக் கூடாது என்னும் கேள்விக்கு அவர் வாழ்க்கையில் விடை இருக்கிறது.

இளமையும் இன்னலும்

சைல்டு 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் வடசிட்னியில் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. வீட்டில் கண்டிப்பு மிகுதி. 1910இல் தாய் மறைந்தார். மறு ஆண்டு சைல்டு சிட்னிப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து கிரேக்கமும் இலத்தீனும் பயின்றார். முதல் வகுப்பில் தேறி, உதவித்தொகை பெற்று, 1914இல் ஆக்ஸ்போர்டு சென்றார்.

அவர் சென்ற ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. இளைஞர் ஆயிரக்கணக்கில் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டனர். சைல்டு போரை வெறுத்தார். ஆக்ஸ்போர்டில் அவருடன் ஒரே விடுதி வீட்டில் தங்கிப் பயின்றவர் ரஜனி பாமி தத். வங்காள மருத்துவர் ஒருவரின் மகன். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர்களுள் ஒருவராக விளங்கியவர். இருவரும் தத்துவ நூல்களைப் பற்றி இரவு நெடுநேரம் வாதிடுவர். போர்ப்பணிக்கு மறுத்ததால் தத் சிறை சென்றார். சைல்டும் போர் எதிர்ப்பாளரோடு சேர்ந்தே நின்றார்.

1917இல் தாய்நாடு திரும்பிய சைல்டுக்குச் சிட்னியில் ஒரு கல்லூரி விடுதியில் பயிற்றாசிரியர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு சமாதான மாநாடு ஒன்றில் பேசினார். அதுவே குற்றமாயிற்று! வேலையை விட்டு விலக நேர்ந்தது. பின்னர், தாம் பயின்ற பல்கலைக் கழகத்திலேயே பண்டை வரலாறு கற்பிக்கும் வாய்ப்பு வந்தது. அவருடைய கொள்கைகளைக் காரணம் காட்டி மேலிடத்தார் அதையும் தடுத்துவிட்டனர். குயின்ஸ்லாந்தில் ஒரு பள்ளியில் சிறிது காலம் இலத்தீன் கற்பித்தார், அங்கும் நிலைக்கவில்லை.

பிறகு அரசியல் அவரை ஈர்த்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துத் தொழிற்கட்சித் தலைவர் ஜான் ஸ்டோரியின் அந்தரங்கச் செயலாளரானார். ஸ்டோரி 1920இல் மாநில முதலமைச்சரானார். அரசு அலுவலாகச் சைல்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டார். 1921இல் ஸ்டோரி இறந்தார். 1922இல் கட்சி ஆட்சியை இழந்தது. சைல்டு வேலையை இழந்தார். முப்பது வயது, கையில் பட்டம் உண்டு, அறிவு உண்டு, தொழில் இல்லை. தொழிலாளர் பெயரால் ஆட்சிக்கு வருவோர் ஆட்சியில் அமர்ந்ததும் எப்படி மாறிவிடுகின்றனர் என்பதைத் தாம் கண்டபடி ஒரு நூலாக எழுதினார். அது 1923இல் வெளிவந்தது. அத்தோடு அரசியலுக்கு விடை கொடுத்தார்.

பானை ஓடு காட்டிய பாதை

அவருடைய உண்மையான வாழ்க்கை இதன் பின்னரே தொடங்கியது. அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக, ஐரோப்பாவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் அலைந்தார். பல மொழிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு நாட்டில் கண்ட பானை ஓட்டின் கோலத்தை மறுநாட்டுப் பானையோடு ஒப்பிட்டார். அந்நாளில் ஒவ்வொரு நாட்டு அறிஞரும் தத்தம் நாட்டு மண்ணை மட்டுமே பார்த்தனர். எல்லைக் கோடுகள் இல்லாத காலத்தை எல்லைக் கோடுகளுக்குள் நின்றுகொண்டு எப்படி அறிவது? சைல்டு முழு நிலப்பரப்பையும் ஒன்றாகக் கண்டார். 1925இல் லண்டனில் ஒரு மானிடவியல் கழகத்தின் நூலகராக அமர்ந்தார். அதே ஆண்டில் ஐரோப்பிய நாகரிகத்தின் விடியலைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. 1927இல் எடின்பரோப் பல்கலைக் கழகம் அவரைத் தொல்பொருளியல் பேராசிரியராக்கியது. 1929இல் டான்யூப் ஆற்று நிலத்தின் பண்டை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

டான்யூப் ஆறு ஏன் அவரை அவ்வளவு கவர்ந்தது? ஐரோப்பாவின் தென்கிழக்கிலிருந்து நடுப்பகுதிக்குச் செல்லும் இயற்கை வழி அது. அவ்வழியில், காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான வளமண் உள்ள இடங்களில் எல்லாம், ஒரே வகைச் சிற்றூர்கள் புதைந்து கிடந்தன. நீண்ட மரவீடுகள், கோடுகள் கீறிய மட்கலங்கள், தச்சுக்கு உதவும் கல் வாய்ச்சிகள், கோதுமை, பருப்பு, ஆடு, மாடு. அங்கேரியிலிருந்து ரைன் ஆறு வரை இந்த ஒற்றுமை தெரிந்தது. வியப்பான மற்றொன்றும் கிடைத்தது. கடலுக்கு மிகத் தொலைவில் இருந்த அவ்வூர்களில், தெற்கே ஏஜியன் கடல் போன்ற வெப்பக் கடல்களில் வாழும் சிப்பியால் செய்த வளையல்கள் இருந்தன! சிப்பி தானே நடந்து வராது. அதை அணிந்தவரோ, விற்றவரோ, அவர்களுடைய முன்னோரோ தெற்குடன் உறவு கொண்டிருக்க வேண்டும்.

இத்தகைய சான்றுகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சைல்டு ஒரு முடிவுக்கு வந்தார். ஐரோப்பாவில் உழவு தானாகத் தோன்றவில்லை. மேற்கு ஆசியாவில் தோன்றி, மக்களோடும் பழக்கங்களோடும் சிறிது சிறிதாக வடமேற்கே பரவியது. படையெடுப்பு அன்று அது. பெரிய மன்னன் எவனும் அதை நடத்தவில்லை. மகன் தந்தையின் நிலத்துக்கு அப்பால் ஒரு காட்டைத் திருத்தினான். பேரன் அதற்கும் அப்பால் சென்றான். பிற்கால அறிஞர் கணக்கிட்டபோது, இப்பரவல் சராசரியாக ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் நடந்தது என்று தெரிந்தது. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் தான் இடம்பெயர்வதை உணர்ந்தே இருக்க மாட்டான். ஆனால் அவன் கை விதை ஒரு கண்டத்தையே கடந்து சென்றது.

அப்பயணத்தின் வடகோடி எல்லைகளுள் ஒன்றைச் சைல்டு தம் கையாலேயே தோண்டினார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் ஸ்காரா பிரே என்னும் இடம் உண்டு. 1850இல் வீசிய புயல் அங்கே கடற்கரை மணலை விலக்கிக் கல்வீடுகளை வெளிக்காட்டியிருந்தது. 1928 முதல் 1930 வரை சைல்டு அங்கு அகழ்ந்தார். மரம் அரிதான அத்தீவில் மக்கள் கட்டிலும் கல்லால் செய்தனர். பொருள் வைக்கும் அடுக்கும் கல்லால் செய்தனர். வீட்டின் நடுவே அடுப்பு. வீட்டுக்கு வீடு செல்லக் கூரையிட்ட வழி. அது இரும்புக் காலத்து ஊர் என்று சைல்டு முதலில் கருதினார். பின்னர் சான்றுகளை எண்ணிப் பார்த்துத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இன்றைய கணிப்பின்படி அவ்வூர் கி. மு. 3100 அளவில் எழுந்தது. எகிப்தின் பெரும் பிரமிடுகளுக்கும் முந்தியது.

உணவு தேடியவன் உணவு விளைத்தவன் ஆனான்

1936இல் அவர் எழுதிய நூல் மனிதன் தன்னைத் தானே ஆக்கிக்கொண்டான் என்னும் கருத்தைத் தலைப்பாகவே கொண்டது. அறிஞர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் விளங்கும்படி அதை எழுதினார். மனித வரலாற்றில் இருபெரும் புரட்சிகள் நிகழ்ந்தன என்றார். ஒன்று, உணவைத் தேடித் திரிந்த மனிதன் உணவை விளைக்கத் தொடங்கியது. மற்றொன்று, சிற்றூர்களிலிருந்து நகரங்கள் எழுந்தது. மெசபடோமியா, எகிப்து, சிந்து வெளி ஆகியவை இரண்டாவதற்கு அவர் காட்டிய சான்றுகள்.

புரட்சி என்றால் ஒரே நாளில் கொடி மாறுவது என்று அவர் கருதவில்லை. பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்த மாற்றத்தையே அப்பெயரால் அழைத்தார். ஏன்? விளைவைக் கொண்டுதான். தொழிற்புரட்சிக்குப் பின் இங்கிலாந்தின் மக்கள் தொகை எப்படிப் பெருகியதோ, அப்படியே உழவுக்குப் பின் மனித குலம் பெருகியது. விதைத்தவன் அறுவடை வரை காத்திருக்க வேண்டும்; ஆகவே ஓரிடத்தில் தங்கினான். விளைந்ததைச் சேமிக்க வேண்டும். ஆகவே பானையும் குதிரும் செய்தான். மிச்சம் இருந்ததால் உழாதவனுக்கும் சோறு கிடைத்தது; அதனால் தச்சனும் கொல்லனும் தோன்றினர். அந்த மிச்சத்தைப் பறித்துக்கொள்பவனும் தோன்றினான். அவனே பூசாரி, அவனே அரசன். இப்படி வயலில் தொடங்கி அரண்மனை வரை வரலாற்றை ஒரே நூலில் கோத்துக் காட்டினார். மார்க்சின் சிந்தனை அவருக்குத் துணை நின்றது. ஆயினும் எந்தக் கட்சியின் வாய்ப்பாட்டையும் அவர் அப்படியே ஒப்பிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942இல், வரலாற்றில் நடந்தது என்ன என்பதை எளிய நூலாக எழுதினார். மலிவுப் பதிப்பாக வந்த அந்நூலை ஏராளமானோர் வாங்கிப் படித்தனர். நாகரிகமே அழிந்துவிடுமோ என்று பலர் கலங்கிய காலம் அது. இருண்ட காலங்கள் பல வந்து போயின. விதையும் கலப்பையும் சக்கரமும் அவற்றைத் தாண்டி நின்றன என்று அந்நூல் தேற்றியது.

பானை வேறு, குருதி வேறு

சைல்டின் வாழ்க்கையில் நாம் மிகவும் கருத்தூன்ற வேண்டிய பகுதி இதுதான். அவர் கையாண்ட ஆராய்ச்சிக் கருவி ஒன்று ஜெர்மன் அறிஞர் கோசினாவிடமிருந்து வந்தது. ஒரே வகைப் பானை, ஒரே வகை வீடு, ஒரே வகைப் புதைகுழி சேர்ந்து காணப்படும் இடத்தில் ஒரு தனிச் சமூகம் வாழ்ந்தது என்று கொள்வதே அக்கருவி. ஆனால் கோசினா அதோடு நிற்கவில்லை. அச்சமூகம் ஒரு தனிக் குருதி என்றார். அக்குருதிகளுள் வடக்கத்திய ஜெர்மானியக் குருதியே உயர்ந்தது என்றார். அவர் 1931இல் இறந்தார். அவர் விதைத்த நஞ்சை நாஜிகள் அறுவடை செய்தனர். பழைய பானை ஓட்டைக் காட்டி அயல்நாட்டு நிலத்துக்கு உரிமை கொண்டாடினர்!

சைல்டு கருவியை வைத்துக்கொண்டார். நஞ்சை வடித்து எறிந்தார். பானை செய்யும் முறை கற்றுக்கொள்ளப்படுவது. குருதியில் பிறப்பது அன்று என்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில், எடின்பரோ மாணவர் முன்னிலையில், பழங்கால ஆராய்ச்சி இனவெறிக்கு ஆயுதமாவதை எதிர்த்து முழங்கினார்.

இதற்கு அவர் தம்மையே முதலில் சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1926இல் ஆரியரைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். அவர்களுடைய தாயகம் தென்ருசியப் புல்வெளி என்று அதில் வாதிட்டார். அத்தோடு, ஆரிய மொழி பேசியோருக்கு ஏதோ ஒரு தனி உயர்வு இருந்தது போலவும் எழுதிவிட்டார். நாஜிகளின் கூச்சலைக் கேட்ட பின்னர் அந்நூலைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தார். தாம் எழுதியதைத் தாமே விலக்கி வைப்பது எளிதா? புகழ் பெற்றவர்க்கு அது மிகவும் அரிது.

காலம் தந்த தீர்ப்பு

1946இல் லண்டன் தொல்பொருளியல் கழகத்தின் தலைவரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அகன்ற விளிம்புள்ள தொப்பி, வேகமான கார், சீட்டாட்டம் ஆகியவை அவருடைய சிறு மகிழ்ச்சிகள். ஒற்றர் துறையினர் அவருடைய கடிதங்களைப் பிரித்துப் படித்துவந்தனர். ஒருபுறம் பொதுவுடைமைச் சார்பினர் என்று ஐயுற்றனர். மறுபுறம் சோவியத் அறிஞர்களின் ஆராய்ச்சிக் குறைகளை 1956இல் அவர்களுக்கே வெளிப்படையாக எழுதினார். எந்தப் பக்கத்துக்கும் அவர் முழு வசதியான மனிதராக இருக்கவில்லை.

அவர் சொன்னவற்றுள் எவை நின்றன, எவை வீழ்ந்தன? பாலைவனம் பெருகியபோது மனிதனும் விலங்கும் தாவரமும் நீர்நிலைகளின் ஓரம் ஒதுங்கியதால் உழவு பிறந்தது என்று அவர் கருதினார். 1948 முதல் பிரெய்டுவுட் ஈராக்கின் ஜார்மோவில் அகழ்ந்து, காட்டுக் கோதுமை வளரும் மலைச்சரிவுப் பகுதிகளே உழவின் தொட்டில் என்று காட்ட முனைந்தார். டான்யூப் உழவர் கி. மு. 3000 அளவில் வாழ்ந்ததாகச் சைல்டு கணித்தார். கதிரியக்கக் கரியைக் கொண்டு காலம் அளக்கும் முறையை 1949இல் லிப்பி வெளியிட்ட பின், அவர்களுடைய காலம் கி. மு. 5500 என்று பின்சென்றது. உழவு உலகில் ஓரிடத்தில் மட்டும் தோன்றவில்லை என்பதும் இன்று தெளிவு. சீனத்தில் நெல்லும் தினையும், மெக்சிகோவில் மக்காச்சோளமும் தனியே பயிராயின. நம் தென்னாட்டிலும், கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில், கருநாடக, ஆந்திரப் பகுதிகளில் மாடு மேய்த்துக் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியமும் விளைத்த மக்கள் சாம்பல் மேடுகளை விட்டுச் சென்றுள்ளனர்.

ஆனால் அவருடைய அடிப்படைக் கருத்து நின்றது. பழைய எலும்புகளிலிருந்து மரபணுக்களைப் படிக்கும் கலை நம் காலத்தில் வளர்ந்துள்ளது. ஐரோப்பாவின் முதல் உழவர் பெரும்பாலும் இன்றைய துருக்கியான அனடோலியாவிலிருந்து சென்றவர்களின் வழியினர் என்று அது காட்டிற்று. அவர்கள் அங்கே முன்பே வாழ்ந்த வேட்டுவரோடு கலந்தனர். கி. மு. 3000க்குப் பின் கிழக்குப் புல்வெளி மேய்ச்சல் மக்கள் வந்து அவர்களோடும் கலந்தனர். 2015இல் வெளியான ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக்கின. கோசினா தூய குருதி என்று போற்றியது எது? வேட்டுவன், ஆசிய உழவன், புல்வெளி மேய்ப்பன் என்னும் மூவர் குருதியின் கலப்பு! சைல்டின் காலக் கணக்கு தவறிற்று. அவருடைய மனிதநேயம் தவறவில்லை.

முடிவு

1956இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். நூல்களைத் தம் கழகத்துக்கே தந்துவிட்டு, 1957இல் தாய்நாடு திரும்பினார். 1918இல் வேலை மறுத்த சிட்னிப் பல்கலைக் கழகம் இப்போது கௌரவ டாக்டர் பட்டம் அளித்து வரவேற்றது. அதே ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், சிட்னிக்கு மேற்கேயுள்ள நீலமலையில் அவர் உயிர் நீத்தார். விபத்து என்றே அன்று கருதினர். முதுமையில் பிறருக்குச் சுமையாவதை அஞ்சி அவரே தேடிக்கொண்ட முடிவு அது என்பதை, 1980இல் வெளியான அவருடைய கடிதம் காட்டிற்று. மனித குலத்தின் மீது அவ்வளவு நம்பிக்கை வைத்தவர், தம் இறுதி ஆண்டுகளின் மீது அந்த நம்பிக்கையை வைக்கவில்லையே என்று நெஞ்சம் வருந்துகிறது. அறுபத்தைந்து வயதில் தம் பணி முடிந்துவிட்டது என்று அவர் எண்ணினார். முடியவில்லை, அவருடைய நூல்களோடு மல்லாடித்தான் அடுத்த தலைமுறை வளர்ந்தது.

நண்பர்களே! பழமையில் பெருமை கொள்ளும் இனம் நம் இனம். அப்பெருமை தவறன்று. ஆனால் மண்ணைத் தோண்டும்போது நாம் எதைத் தேடுகிறோம்? நாம் பிறரினும் உயர்ந்தோர் என்பதற்குச் சான்றையா? அல்லது நம் முன்னோர் எப்படி உழைத்தனர், யாரிடம் கற்றனர், யாருக்குக் கற்பித்தனர் என்னும் உண்மையையா? முதலாவதைத் தேடியவர் கோசினா. இரண்டாவதைத் தேடியவர் சைல்டு. நாளை நம் கையில் ஒரு பானை ஓடு கிடைக்கும்போது, இவ்விருவருள் யார் வழியில் நிற்கப் போகிறோம் என்பதை இன்றே முடிவு செய்துகொள்வோம்.

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, வேற்று மொழி பேசுவோரிடையே வாழ்ந்து படிக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். நம் ஊர்ச் சோற்றையும் இவ்வூர்க் கோதுமையையும் ஒரே தட்டில் உண்கிறோம். அத்தட்டில் இருக்கும் ஒவ்வொரு மணியும், எங்கோ ஒரு பெயரற்ற உழவன் மற்றொருவனுக்குக் கொடுத்த விதையின் வழித்தோன்றலே.